பழைய எண்ணுக்குப் போன செய்தி

அன்புள்ள வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த வரியை எப்போதும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன், இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அது முழுக்க உண்மை. உன் கடிதம் வந்து அலமாரியில் உட்கார்ந்துகொண்டு என்னையே முறைக்கிறது. பதில் போட இவ்வளவு தாமதம் ஆனதற்கு உனக்குக் கோபம் இருக்கும், இருக்க வேண்டியதுதான். போனில் கேட்கும்போதெல்லாம் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சாக்குச் சொன்னேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது, நீ அழைத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், உன் தம்பி பின்னால் நின்று கோணங்கித்தனம் பண்ணுவான், நம் இரண்டு பேருக்கு மட்டும் என்று மிச்சம் இருப்பது இந்தக் காகிதம்தான் என்று நீ கிளம்பும்போதே பேசிவைத்துக்கொண்டோம் இல்லையா. அதனால் தனியாக உட்கார்ந்து படி, வகுப்பில் மேஜைக்கு அடியில் வைத்துப் படிக்காதே, கடைசிவரை படி. பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் பேனாவையே தொட்டேன்.

வீட்டுச் செய்தி கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், அப்போதுதான் கை ஓடும். உன் அப்பா ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டைச் சோதிக்கப் போய் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டார். வெளியே நின்றவர்கள் லிஃப்ட்காரரைக் கூப்பிடுங்கள் என்று கத்த, உள்ளேயிருந்து இவர் "நான்தான்யா அந்த லிஃப்ட்காரன்" என்று கத்தினாராம், அதைச் சொல்லிச் சொல்லி உன் தம்பி இன்னும் உருண்டுகொண்டிருக்கிறான். தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது, வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டால் மீட்டர் பார்க்க வந்த ஆளோ என்று எழுந்து போகிறேன். நான் காலை வேளையில் மட்டும் அதே மூக்குக்கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறேன், மத்தியானம் வீடு. நீ செய்த அட்டை வீட்டின் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், உன் அப்பா அதை உற்று உற்றுப் பார்த்துவிட்டு லிஃப்ட் எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழை தொடங்கின சமயத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நம் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல், எதற்கும் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிடலாம் என்று லேபுக்கு அனுப்பினார். லேபில் இருந்த பெண், "முடிவு வந்ததும் உங்க போனுக்கு மெசேஜ் வரும், அப்ப நேர்ல வந்து வாங்கிக்குங்க" என்றாள். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. உன் அப்பாவிடம் சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தே எனக்கு இல்லாத நோய் வந்துவிடும், உனக்கோ அங்கே பரீட்சை. மெசேஜும் வரவில்லை. நல்ல முடிவென்றால் சட்டென்று அனுப்பிவிடுவார்கள், கெட்டதென்றால்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். போய்க் கேட்கக் கால் எழவில்லை. பட்டம் வாங்கியவள்தான், உன்னை மடியில் போட்டுக்கொண்டு படித்துப் பரீட்சை எழுதியவள்தான், பயம் வந்துவிட்டால் படிப்பெல்லாம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஒருநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தாங்க முடியவில்லை. யாரிடமாவது சொன்னால்தான் மூச்சு வரும் போல இருந்தது, ஆனால் யாருக்கும் தெரியவும் கூடாது. போனை எடுத்தேன். அதில் நீ இரண்டு பேராக இருக்கிறாய், "வாண்டு புதுசு" என்று இப்போதைய எண், "வாண்டு" என்று பள்ளிக்கூடச் சீருடைப் படத்தோடு பழைய எண். ஊருக்குக் கிளம்பும்போது, யாருக்கும்மா வேணும் அது, விட்டுடு என்று நீ கைகழுவிவிட்ட எண். அங்கே யார் இருக்கப் போகிறார்கள், ஆளில்லாத கிணற்றுக்குள் பேசுகிற மாதிரிதானே என்று நினைத்து அதற்கு எழுதினேன். "வாண்டு, அம்மாவுக்கு ஒரு கட்டி இருக்குடி. டெஸ்ட் குடுத்தேன், இன்னும் ஒண்ணும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. பயமா இருக்கு. நீ பக்கத்துல இருந்தா உன் தலையக் கோதிக்கிட்டே இருப்பேன்." அவ்வளவுதான். அனுப்பிவிட்டு அழுதேன், அழுதுவிட்டு மிச்சத் துணியை மடித்தேன், கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

மறுநாள் போன் அடித்தது. திரையில் உன் சீருடைப் படம், வாண்டு என்று பெயர். அந்தப் பழைய எண்ணிலிருந்து நீ எப்படி அழைக்க முடியும் என்றெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை, எடுத்தேன். ஒரு ஆண்குரல், "வாண்டோட அம்மாங்களா? பதறாதீங்க..." என்றது. போச்சு என்று நினைத்தேன். உன்னை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய். பிறகு நீ சொல்லிக்கொடுத்த பாடம் ஞாபகம் வந்தது, தெரியாத குரல் பதறாதீங்கன்னு ஆரம்பிச்சா உடனே வச்சுட்டு அந்த நம்பரை பிளாக் பண்ணும்மா என்பாயே. அப்படியே செய்தேன். செய்துவிட்டு உன்னை ஓயாமல் அழைத்தேன். நீ எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, "கிளாஸ்ல இருக்கேம்மா, உயிரோடதான் இருக்கேன், வை" என்று சீறினாயே, சும்மாதான்டி அழைத்தேன் என்று நான் இழுத்தேனே, அது இந்த நாள்தான். நீ சீறினது எனக்குப் பாட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து மத்தியானம் வாசல் மணி அடித்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கதவின் கண் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கும், கையில் கார் சாவி. யார் என்று உள்ளிருந்தே கேட்டேன். "நான் யாருமில்லீங்க மேடம், அன்னைக்கு போன்ல பேசினேனே" என்றார். அதே குரல். "என் வீட்டுக்காரர் உள்ளே தூங்குறார், எழுப்பட்டுமா?" என்று அதட்டினேன். அந்த மனுஷன் கள்ளம் கபடம் இல்லாமல், "இல்லையே மேடம், சார் சாயங்கால ரயில்லதானே வர்றாரு? டிக்கெட் எனக்குத்தானே வந்துச்சு" என்கிறார். நான் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன், ஒயர் நீளவில்லை, பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். "உங்க வாஷிங் மிஷின்காரர்கூட நாளைக்குத்தானே வர்றாரு" என்று அவர் மேலும் எனக்கு ஆறுதல் சொன்னார். அப்போது கீழே தெருவில் விடாமல் ஹாரன் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன், டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது, பின்னால் ஒரு வேன் ஹாரன் அடிக்கிறது, காரின் ஸ்டீரிங்கில் உன் தம்பியின் கணக்கு டீச்சர். அவர் என்னைப் பார்த்ததும், "அட நீங்களா! சீக்கிரம் மாஸ்டரை அனுப்புங்க, வண்டி நின்னுபோச்சு. பயப்படாதீங்க, நல்ல மனுஷன், கிளட்ச் விஷயத்துலதான் கொடுமைக்காரர்" என்று கத்தினார். அந்தக் காரின் உச்சியில் மஞ்சள் பலகை, பலகையில் கொட்டை எழுத்தில் போன் நம்பர். வாண்டு, அது உன் நம்பர்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் மறுபடி வந்தார், நான் இஸ்திரிப் பெட்டியோடேயே கதவைத் திறந்தேன். அவர் உள்ளே வரவில்லை, படியிலேயே நின்று சொன்னார். யாராவது ஒரு எண்ணை விட்டுவிட்டால் கம்பெனி கொஞ்ச நாள் கழித்து அதையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுமாம். இவர் புதிதாக டிரைவிங் ஸ்கூல் தொடங்கியபோது இது கிடைத்திருக்கிறது. கிடைத்த நாளிலிருந்து நம் வீடும் அவருக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. "நான் கேக்கலீங்க மேடம், அதுவா வந்துச்சு" என்றார். எப்படி என்று புரிய எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. நீ இங்கே இருந்தபோது கடைகளில் எல்லாம் உன் எண்ணைத்தானே கொடுப்போம், தள்ளுபடி என்றால் நீதான் கவனிப்பாய் என்று. நீ போன பிறகும் மருந்துக்கடையில், துணிக்கடையில், டிக்கெட் எடுத்துத் தருகிறவரிடம், யார் நம்பர் கேட்டாலும் என் வாயில் உன் நம்பர்தான் வந்தது. என் எண்ணைச் சொல்ல எனக்குப் போனைத் திறந்து பார்க்க வேண்டும், உன்னுடையது நாக்கிலேயே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதைச் சொல்லும்போது உன்னை ஒரு தடவை வீட்டுக்குள் கூப்பிட்ட மாதிரி இருக்கும். லேபிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். முடிவு தயார், நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று மெசேஜுக்கு மேல் மெசேஜாக அவருக்கு வந்திருக்கிறது, நான் இங்கே வராத மெசேஜுக்காகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் லேபுக்கு அழைத்துத் தவறான எண் என்று சொல்லியும் பார்த்தாராம், நோயாளி நேரில் வந்தால்தான் மாற்றுவோம், உங்களிடம் ஒன்றும் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்களாம். அது சரிதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "மத்ததெல்லாம் விளம்பரம் மாதிரி தள்ளிவிட்டுட்டேன் மேடம். உங்க பொண்ணுக்கு எழுதினது வந்ததும் தள்ள முடியல. பதில் எழுதலாம்னா, பொண்ணு நம்பர்ல இருந்து நான் எழுதுறது தப்பில்லையா? அதான் பேசினேன், நீங்க வச்சுட்டீங்க. பார்சல் மெசேஜ்ல விலாசம் இருந்துச்சு. உங்க ரிப்போர்ட் வந்து நாளாச்சுங்க, போய் வாங்கிடுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கூச்சத்தில் தரை பிளந்தால் தேவலை போல இருந்தது, கூடவே அந்த மனுஷன் காலில் விழலாம் போலவும் இருந்தது.

லேப் மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது. டீச்சர் ஸ்டீரிங்கில் இருக்கிறார் என்ற தைரியத்தில் அந்தக் காரிலேயே ஏறினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பயணம் போனதில்லை, சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நானும்தான், இரண்டு பேருக்கும் காரணம் வேறு. ஒன்று கவனித்தேன். எங்கே போகிறோம் என்று டீச்சருக்கு மாஸ்டர் சொல்லவே இல்லை, இடது, நேரே, கிளட்ச், மெதுவா, இவ்வளவுதான். லேபுக்கு முன்னால் வண்டியை நிறுத்தவும் இல்லை, அதற்கு முந்தின தெருமுனையில், ஒரு பூட்டின கடைக்கு எதிரே நிறுத்தச் சொல்லி, "இன்னைக்குப் பாடம் இங்க முடிஞ்சுது" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சருக்கு இன்றுவரை நான் எங்கே போனேன் என்று தெரியாது.

முடிவை வாங்கி அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன், பாதி சொற்கள் வாயில் நுழையவில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சாதாரணக் கொழுப்புக் கட்டிம்மா, போய் நல்லா சாப்பிட்டுத் தூங்கு, உறுத்தினா எடுத்துடலாம், உறுத்தலைன்னா கிடக்கட்டும்" என்றார். லேபின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன், அந்தத் தண்ணீருக்கு அன்றைக்கு ஒரு ருசி இருந்தது. பிறகு நடந்தே வீட்டுக்கு வந்தேன், வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன்.

சாயங்காலம் உன் அப்பா வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது. "டிரைவிங் மாஸ்டருக்குத் தெரியுது, கட்டின புருஷன் எனக்குத் தெரியல, இல்ல?" என்று வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அது நியாயமான கோபம், வாங்கிக்கொண்டேன். நம்ம கிட்ட மறைக்க என்ன இருக்கு, ஊரே பார்க்கட்டும் என்பது அவர் எப்போதும் சொல்வதுதானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரைத் தேநீருக்கு அழைத்து நன்றி சொன்னார், தான் மட்டும் நின்றுகொண்டே பேசினார். மாஸ்டர் அக்கறையாக, "சாருக்கு இன்னும் உக்கார முடியலைங்களா?" என்று கேட்டார். நாம் வாங்கின களிம்பின் பெயரோடு மருந்துக்கடைக்காரன் ரசீதை அந்த எண்ணுக்கு அனுப்பிவிடுகிறான். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார், இந்த எண்ணை எடு, அந்த எண்ணை எடு என்று. மருந்துக்கடைப் பெண்ணிடம் என் எண்ணைச் சீட்டில் எழுதி மெதுவாக நீட்டினேன், அவள் அதை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்து, சரியா மேடம் என்றாள். அடுத்த தடவை நம்பரே வேண்டாம், மருந்தை மட்டும் கொடு என்று சொல்லப்போகிறேன், அப்படிச் சொன்னாலும் மருந்து கொடுக்கிறார்களாம், விசாரித்துவிட்டேன்.

மாஸ்டர் நல்லவராக இருந்தார், அதனால் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் வாண்டு, நாம் எப்போது வீட்டில் இல்லை, அப்பா எந்த மாத்திரை சாப்பிடுகிறார், யார் எப்போது வீட்டுக்கு வருவார், கடைசியில் எனக்குக் கட்டி என்பது வரைக்கும், இத்தனையும் ஒரு வருஷமாக முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அந்தச் சட்டைப்பை வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் இஸ்திரிப் பெட்டியைத் தேடத் தோன்றுகிறது. நான் தப்பு எதையும் மறைக்கவில்லை, என் கட்டியை நான் சொல்ல நினைத்த ஆளுக்கு, சொல்ல நினைத்த நேரத்தில் சொல்ல ஆசைப்பட்டேன், அவ்வளவுதான், அது என் கையை விட்டுப் போய்விட்டது. கடையில் இப்போதெல்லாம் கண்ணாடி வாங்க வருகிறவர்களின் பவரைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை, சீட்டைத் திருப்பிக் காட்டுகிறேன். இன்னொன்று, உன் போன் இருக்கும் இடம் என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியுமே, அதைப் பார்ப்பதையும் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். உனக்கும் உன் நேரத்தில் சொல்லிக்கொள்ள ஆயிரம் இருக்கும். நீயே அதை அணைத்துவிடு. இருட்டின பிறகு தனியாக வரும்போது மட்டும் போட்டுவிடு. சரி, வீடு வந்ததும் அணைத்துவிடு.

உன் பெயருக்கும் அவருக்கு வந்திருக்கிறது, பேங்கிலிருந்து, மெயிலிலிருந்து ஓடிபி எல்லாம். இதைப் படித்த கையோடு உட்கார்ந்து அந்தப் பழைய எண்ணை எங்கெங்கே கொடுத்தாயோ அங்கெல்லாம் மாற்று. பரீட்சை முடியட்டும், சனிக்கிழமை ஆகட்டும் என்று தள்ளிப்போடாதே.

கடைசியாக ஒரு சந்தோஷச் சமாச்சாரம். நான் அவரிடமே கார் ஓட்டச் சேர்ந்துவிட்டேன். சேரும்போது பெயரை எழுதிக்கொண்டு, போன் நம்பர் சொல்லுங்க மேடம் என்றார். உங்ககிட்டதான் இருக்கே என்றேன். "இல்லீங்க, நீங்க லேபுக்குப் போன அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டேன், உங்க நம்பரையும்தான்" என்றார். ஆனாலும் விடவில்லை, நம்பர் எதுக்குங்க என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், "கிளாஸ் இல்லாத அன்னைக்குச் சொல்றதுக்கு மேடம். பரவாயில்ல, பிரேக் எங்க இருக்குன்னு கத்துக்கிட்டீங்க" என்றார். போனைத் திறக்காமலே என் எண்ணைச் சொன்னேன், அதற்காகவே மனப்பாடம் பண்ணியிருந்தேன். இப்போது உன் பழைய எண்ணைத் தலைமேல் தூக்கிக்கொண்டு முதல் கியரில் நம் தெருவைச் சுற்றிவருகிறேன், உன் தம்பி வெட்கம் தாங்காமல் மாடிக்கு ஓடிவிடுகிறான்.

அந்த மெசேஜ் உனக்கு எழுதியது, உனக்கு வந்து சேரவே இல்லை. அதனால்தான் ஒரு எழுத்து விடாமல் மேலே திருப்பி எழுதினேன், உன்னுடையது உன்னிடம் இருக்கட்டும். அதில் கட்டி பற்றின வரிக்கு இனிமேல் மதிப்பில்லை, பயம் பற்றின வரியையும் அடித்துவிடு. தலையைக் கோதுகிற வரி மட்டும் அப்படியே இருக்கட்டும், நீ வரும்போது வந்து வாங்கிக்கொள்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நிம்மதியாக இரு, எடுத்த படிப்பு கைகூடட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்களே அமையட்டும், அமையாவிட்டாலும் பார்த்துக்கொள்ளும் புத்தி உனக்கு இருக்கட்டும். குளிக்கும்போது நீயும் கையால் தடவிப் பார்த்துக்கொள், அசட்டையாக இருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அழைத்துச் சொல், கிடைத்தது என்று மட்டும் சொன்னால் போதும், ஸ்பீக்கரில் இருப்பேன்.

எண் மாற்றிவிட்டாயா?

நலமாக இருக்கும்,
உன் அம்மா